இன்பிட்வீனர்ஸ் இரண்டாம் படம்: ஊர் மட்டும் மாறியதா, கதையும் வளர்ந்ததா?

வைகைக்கரை (கேள்வி)

நண்பர்களுக்கு வணக்கம். 2014-இல் வெளிவந்த 'தி இன்பிட்வீனர்ஸ் 2' படத்தைச் சென்ற வாரம் பார்த்து முடித்தேன். அதன்பின் மனத்தில் ஒரு குறை தங்கிவிட்டது. அது படத்தின் குறையா, என் புரிதலின் குறையா என்று தெரிந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

முதல் படம் 2011-இல் வந்தது. பள்ளி இறுதித் தேர்வு முடிந்த கையோடு வில், சைமன், ஜே, நீல் என்னும் நான்கு பிரிட்டிஷ் பையன்கள் கிரீட் தீவின் மாலியாவுக்குச் சுற்றுலா போகிறார்கள். படம் நெடுகக் கொச்சைப் பேச்சு நிறைந்திருந்தாலும் அதன் முடிவு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஜேன் என்ற பெண்ணின் பருமனைப் பிறர் கேலி செய்வார்களே என்று அஞ்சி அவளோடு பழகுவதற்கு வெட்கப்பட்ட ஜே, கடைசியில் அந்த வெட்கத்தை உதறிவிட்டு அவளிடமே வருகிறான். தன்னை விட்டு விலகிப்போன கார்லியையே எண்ணி உருகிக்கொண்டிருந்த சைமன், தன்னை உண்மையாக நேசிக்கும் லூசியின் அருமையைக் காலம் தாழ்த்தியாவது உணர்கிறான். நால்வரும் ஒரு படி வளர்ந்துவிட்டார்கள் என்ற நிறைவோடு அந்தப் படத்தை முடித்தேன்.

இரண்டாம் படத்திலோ, அதே லூசி எதற்கெடுத்தாலும் சந்தேகப்பட்டுச் சீறுகிற பெண்ணாக வருகிறாள். ஜேன் ஜேயை விட்டுப் போய்விட்டாள். நால்வரையும் மறுபடி தனியர்களாக்கி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிவைப்பதற்காக, முதல் படத்தில் கட்டியதையெல்லாம் இடித்துவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றியது. நண்பர்கள் வெளிநாடு போகும் நகைச்சுவைப் படங்களுக்கு இரண்டாம் பாகம் எடுத்தால் ஊரை மாற்றிவிட்டு அதே கதையைச் சொல்வதைத் தவிர வேறு வழியே இல்லையா? அல்லது இந்தப் படத்தில் நான் கவனிக்கத் தவறிய ஒன்று இருக்கிறதா? மூலமான தொலைக்காட்சித் தொடரை நான் பார்த்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தேம்ஸோரம்

வணக்கம். நீங்கள் கடைசி வரியில் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் தொடரைப் பார்க்காதவர்களுக்கு இரண்டாம் படத்தின் முக்கியமான பகுதி பிடிபடுவது கடினம்.

அந்தத் தொடர் 2008 முதல் 2010 வரை இ4 தொலைக்காட்சியில் மூன்று பருவங்களாக, பதினெட்டே அத்தியாயங்களில் வந்தது. டேமன் பீஸ்லி, இயான் மோரிஸ் இருவரும் சேர்ந்து எழுதினார்கள். பள்ளியில் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிற கூட்டத்திலும் இவர்கள் இல்லை, புத்தகப் புழுக்களின் கூட்டத்திலும் இல்லை. எதிலும் சேராமல் நடுவில் நிற்பவர்கள் என்பதுதான் அந்தத் தலைப்பின் பொருள். வில் கட்டணப் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்து சேர்ந்தவன், வாய்த்துடுக்கு மிகுந்தவன். நீல் வெள்ளந்தி. சைமன் காதலில் தடுமாறுபவன். ஜேயோ வாயைத் திறந்தால் பொய் சொல்பவன். அதிலும் பெண்களைப் பற்றி அவன் அளக்கும் கதைகளுக்கு எல்லையே இல்லை. அந்தப் பொய்கள் எங்கிருந்து வருகின்றன என்பதைத் தொடர் பொறுமையாகக் காட்டியிருக்கிறது. ஜேயின் அப்பா, மகனின் நண்பர்கள் முன்னிலையில் அவனை அவமானப்படுத்துவதில் மகிழ்ச்சி காண்பவர்; மகன் மறைக்க விரும்பும் ஒவ்வொன்றையும் சபையில் போட்டு உடைப்பவர். வீட்டில் நாள்தோறும் சிறுமைப்படும் பையன் வெளியே வந்து தன்னைப் பெரியவனாகக் கட்டி எழுப்பிக்கொள்கிறான்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு இரண்டாம் படத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். சிட்னியில் இருக்கும் ஜேயிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வருகிறது: தான் மாளிகையில் வாழ்வதாகவும், பெயர்பெற்ற டி.ஜே. ஆகிவிட்டதாகவும், பெண்கள் தன்னை மொய்ப்பதாகவும் எழுதியிருக்கிறான். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஒரு நண்பன்கூடக் கிடைக்காமல் தவிக்கும் வில்லும், ஷெஃபீல்டில் லூசியோடு மூச்சு முட்டிக் கிடக்கும் சைமனும், நீலும் அதை நம்பி விமானம் ஏறுகிறார்கள். போய்ப் பார்த்தால் ஜே தன் உறவினர் வீட்டுத் தோட்டத்தில் ஒரு கூடாரத்தில் படுத்துக்கொண்டு, இரவு விடுதி ஒன்றின் கழிப்பறையில் பணியாளனாக இருக்கிறான். முதல் படத்தில் நால்வரும் இன்பம் தேடிப் போனார்கள். இரண்டாம் படத்திலோ ஒருவனுடைய பொய் மற்ற மூவரையும் உலகின் மறுபக்கத்துக்கு இழுத்துப் போகிறது. பொய் சொன்னவனுக்கு அங்கே உண்மையில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: ஜேனைத் தேடிக் கண்டுபிடிப்பது. அதைச் சொல்லவும் அவனுக்கு வாய் வரவில்லை. ஆகவே உங்கள் 'அதே கதை' என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை.

பயணத்தின் வகையும் மாறியிருக்கிறது, அதையும் கவனிக்க வேண்டும். பிரிட்டனில் புகழ்பெற்ற தொலைக்காட்சி நகைச்சுவையைத் திரைப்படமாக்கும்போது அதன் பாத்திரங்களை வெளிநாட்டுக் கடற்கரைக்கு அனுப்புவது பழைய வழக்கம். 1977-இல் 'ஆர் யூ பீயிங் சர்வ்டு' படத்தில் ஒரு பல்பொருள் அங்காடியின் ஊழியர்கள் அனைவரையும் கற்பனையான ஸ்பானிஷ் கடற்கரை ஒன்றுக்கு அனுப்பினார்கள். 2000-இல் 'கெவின் அண்ட் பெர்ரி கோ லார்ஜ்' படத்தில் இரண்டு விடலைப் பையன்கள் இபிசா தீவுக்குப் போனார்கள். விமானக் கட்டணமும் தங்குமிடமும் ஒரே தொகையில் அடங்கும் பேக்கேஜ் டூர், இந்த நாட்டின் சாதாரணக் குடும்பங்களுடைய ஆண்டு விடுமுறை. மாலியா படம் அந்த மரபைச் சேர்ந்தது. ஆஸ்திரேலியா அப்படியல்ல. பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையில் ஓராண்டு ஒதுக்கி முதுகுப்பையோடு உலகம் சுற்றும் கேப் இயர் பெரும்பாலும் வசதியான வீட்டுப் பிள்ளைகளின் வழக்கம். ஜேயும் நீலும் அந்த உலகத்துக்குப் புதியவர்கள். வில்லுக்கோ அது தெரிந்த உலகம். தன் பழைய பள்ளித்தோழி கேட்டியை அங்கே சந்தித்ததும் மீண்டும் அவர்களுள் ஒருவனாகிவிடத் துடிக்கிறான். படம் அந்த வேறுபாட்டைத் தெரிந்தே கையாள்கிறது.

எழுதுகோல்

தேம்ஸோரம் அவர்கள் ஜேயைப் பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் வைகைக்கரையின் முதன்மையான குறை லூசியைப் பற்றியது, அதற்கு அவர் பதிலே சொல்லவில்லை. இரண்டாம் பாகத்துக்குத் திரைக்கதை எழுதுவதில் உள்ள மிகக் கடினமான சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

நகைச்சுவைப் பாத்திரம் தன் குறையால்தான் வாழ்கிறது. முதல் படத்தின் முடிவில் அந்தக் குறை தீர்ந்தால்தான் பார்ப்பவருக்கு நிறைவு கிடைக்கும். தீர்ந்துவிட்டாலோ இரண்டாம் படத்துக்குக் கதை இல்லை. ஆகவே இரண்டாம் பாகம் எழுதுபவர், தீர்ந்ததை மறுபடி உடைக்க வேண்டும். எப்படி உடைக்கிறார் என்பதில்தான் அவருடைய நேர்மை தெரியும். ஜேனும் ஜேயும் பிரிந்ததை நான் குறைசொல்ல மாட்டேன், ஏனென்றால் ஜேயைப் போன்ற ஒருவனோடு எந்தப் பெண்ணும் நெடுநாள் இருக்க முடியாது என்பது அவன் இயல்பிலிருந்தே விளைகிறது. லூசிக்கு நேர்ந்தது அப்படிப்பட்டதன்று. தம்லா காரி முதல் படத்தில் அந்தப் பெண்ணை எவ்வளவு பரிவோடு நடித்திருந்தார்! அவள் ஏன் இப்படி மாறினாள் என்று ஒரு காட்சிகூட விளக்கவில்லை. சைமன் ஓடிப்போவதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, அந்தப் பழியை அவள் தலையில் சுமத்திவிட்டார்கள். ஸ்கைப்பில் அவளிடம் உறவை முறித்துக்கொள்ளப் பேசும்போது இணைப்பு விட்டுவிட்டு வந்ததால், அவன் திருமணத்துக்குக் கேட்கிறான் என்று அவள் புரிந்துகொள்ளும் காட்சி நன்றாகவே எழுதப்பட்டது. ஆனால் அதே காட்சி பழைய லூசியோடு நடந்திருந்தால் சிரிப்போடு வலியும் சேர்ந்திருக்கும். அவளை வில்லியாக்கியதால் வலி போய்விட்டது, சிரிப்பு மட்டும் மிஞ்சியது. பெண்களை நடத்தும் விதத்தில் இந்தப் படத்தின் பெரிய பிழை அதுதான் என்பது என் உறுதியான கருத்து. கொச்சைச் சொற்களைவிட அதுவே என்னை அதிகம் உறுத்துகிறது.

ஆனாலும் 'ஊரை மட்டும் மாற்றியது' என்ற குற்றச்சாட்டு வேறொரு படத்துக்கே பொருந்தும். 2011-இல் வந்த 'தி ஹேங்ஓவர் பார்ட் 2' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2009-இன் முதல் படத்தில் லாஸ் வேகாஸ், அதில் பாங்காக். முந்தைய இரவு நடந்தது எதுவும் நினைவில்லாமல் கண்விழிப்பது, கூட்டத்தில் ஒருவர் காணாமற்போவது, துப்புகளைப் பின்தொடர்ந்து ஊரெல்லாம் அலைவது, திருமணத்துக்கு நேரம் நெருங்குவது என்று படிக்குப் படி அதே வரைபடம். முதலில் பல்லை இழந்தவன் அடுத்ததில் முகத்தில் பச்சை குத்தப்பட்டு எழுகிறான். முதலில் புலி, அடுத்ததில் குரங்கு. அந்தப் படமும் உலகமெங்கும் பெரும் வசூல் ஈட்டியது, அதனால் தயாரிப்பாளர்கள் அந்த வழியை விரும்புவதில் வியப்பில்லை. இன்பிட்வீனர்ஸ் குழுவும் அப்படிச் செய்திருக்கலாம். முதல் படம் பிரிட்டனில் மட்டும் ஏறத்தாழ 4.5 கோடி பவுண்டு வசூலித்த பிறகு, வேறொரு கடற்கரை, வேறு நான்கு பெண்கள் என்று எழுதினாலே மக்கள் வந்திருப்பார்கள். அவர்கள் அந்தச் சுலபமான வழியில் போகவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாம் படம் ஏறத்தாழ 3.3 கோடி பவுண்டோடு நின்றது. முதல் படத்தை பென் பாமர் இயக்கினார், இரண்டாம் படத்தை எழுத்தாளர்கள் இருவருமே இயக்கினார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. அந்தப் பாலைவனக் காட்சிகளில் அவசரமில்லாத ஒரு கை தெரிகிறது.

செம்மண்

நான் பல ஆண்டுகளாகக் குவீன்ஸ்லாந்தில் வசிக்கிறேன். அந்தப் பாலைவனக் காட்சிகளைப் பற்றி எழுதுகோல் ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டார். படம் தன் உயரத்தை எட்டுவது அங்கேதான் என்பதால் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

முதலில், பாலைவனத்துக்கு முன் நால்வரும் போகும் பைரன் பே. சிட்னிக்கு வடக்கே ஏறத்தாழ 770 கிலோமீட்டரில் உள்ள அந்த ஊர், ஆஸ்திரேலிய நிலப்பரப்பின் கிழக்குக் கோடி. 1962 வரை திமிங்கில வேட்டை நிலையம் இயங்கிய உழைப்பாளர்களின் ஊர் அது. அலைச்சறுக்கு வீரர்களும் ஹிப்பிகளும் வந்து சேர்ந்த பிறகு அதன் முகம் மாறியது, இன்று முதுகுப்பைப் பயணிகளின் தலைநகரம் போல விளங்குகிறது. தீயைச் சுற்றி அமர்ந்து கிடார் மீட்டிக்கொண்டு, ஆன்மிகத் தேடலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் இளைஞர்கள் நடுவில், கேட்டியைக் கவர்வதற்காக வில் பாடுகிறான். பிறகு ஒரு கட்டத்தில் பொறுக்க முடியாமல், பெற்றோர் பணத்தில் விடுமுறை கழிப்பதை ஞானத்தேடல் என்று சொல்லிக்கொள்ளாதீர்கள் என்று அவர்களை நேருக்கு நேர் சாடுகிறான். அவன் சொல்வது உண்மை. அந்த உண்மையை, தான் ஒதுக்கப்பட்ட ஆத்திரத்தில்தான் சொல்கிறான் என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே பேச்சில் கொண்டுவந்திருப்பது அரிய எழுத்து.

அடுத்து, ஜேனைத் தேடி அவர்கள் போகும் பேர்ட்ஸ்வில். வரைபடத்தைப் பார்க்காதவர்களுக்கு அதன் தொலைவு விளங்காது. பிரிஸ்பேனிலிருந்து மேற்கே ஏறத்தாழ 1,600 கிலோமீட்டரில், தெற்கு ஆஸ்திரேலிய எல்லையை ஒட்டி, சிம்ப்சன் பாலைவனத்தின் ஓரத்தில் இருக்கிறது. மக்கள் தொகை நூற்றைச் சுற்றியே நிற்கிறது. 1972-இல் அங்கே 49.5 பாகை செல்சியஸ் வெப்பம் பதிவானது. இளம் பிரிட்டிஷ்காரர்கள் இத்தகைய ஊர்ப்புறப் பண்ணைகளுக்கு வந்து வேலை செய்வது கற்பனையும் அன்று. வேலை செய்துகொண்டே விடுமுறையைக் கழிப்பதற்கென இந்த நாடு வழங்கும் விசாவை இரண்டாம் ஆண்டுக்கு நீட்டிக்க வேண்டுமானால் நகரங்களுக்கு வெளியே மூன்று மாத அளவு வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற விதி அப்போது அவர்களுக்கும் இருந்தது. 2024 ஜூலையில்தான் பிரிட்டிஷ் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு அது நீங்கியது. அதனால் மாட்டுப் பண்ணைகளிலும் பழத்தோட்டங்களிலும் ஆங்கிலப் பிள்ளைகளை நான் நிறையவே சந்தித்திருக்கிறேன்.

பேர்ட்ஸ்வில் காட்சிகள் உண்மையில் தெற்கு ஆஸ்திரேலியாவின் மர்ரீ என்னும் சிற்றூரில் எடுக்கப்பட்டன. மர்ரீயிலிருந்து பேர்ட்ஸ்வில் வரை 500 கிலோமீட்டருக்கு மேல் நீளும் மண்பாதை, கால்நடைகளை ஓட்டிச் செல்வதற்காக ஏற்பட்டது. 1963 டிசம்பரில், இங்கிலாந்திலிருந்து குடியேறி மர்ரீயில் வசித்த ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஒன்று அந்தப் பாதையில் காரில் புறப்பட்டு, வழி தவறி, பெட்ரோல் தீர்ந்து, வண்டியை விட்டு நடந்து, ஐவரும் தாகத்தால் மாண்டுபோனார்கள். 'எது நேர்ந்தாலும் வண்டியை விட்டு அகலாதே' என்று இன்றும் இங்கே பயணிகளுக்குச் சொல்லும்போது அந்த நிகழ்ச்சியை நினைவூட்டுவார்கள். படத்தில் நால்வரும் போதிய பெட்ரோலும் தண்ணீரும் இல்லாமல் அந்த வெளியில் சிக்கிக்கொள்ளும்போது, ஆஸ்திரேலியர்களாகிய பார்வையாளர்களுக்கு அது வெறும் வேடிக்கையாக இருப்பதில்லை. சாகப்போகிறோம் என்று நம்பி நால்வரும் கைகோத்துக் கிடக்கும் அந்தச் சில நிமிடங்கள், தொடரின் தொடக்கத்திலிருந்தே ஒருவரையொருவர் இழிவுபடுத்தியே பேசிவந்த நான்கு பையன்களிடம் நாம் காணும் உண்மையான அன்பு. அன்பை வாயால் சொல்லும் பழக்கம் அவர்களுக்கு இல்லை. ஆஸ்திரேலியா அவ்வளவு பெரிய வெறுமையாக இருந்ததால்தான் அது வெளிவந்தது. மாலியாவில் அந்தக் காட்சியை எடுத்திருக்க முடியாது. ஊர் மாறியதன் பயன் அதுவே.

நீர்ச்சறுக்குப் பூங்காவில் வரும் அருவருப்பான காட்சியைப் பலர் இந்தப் படத்தின் அடையாளமாகச் சொல்வதுண்டு. அதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

வைகைக்கரை

மூவருக்கும் என் உளமார்ந்த நன்றி. செம்மண் அவர்கள் எழுதியதைப் படித்த பிறகு அந்தப் பாலைவனக் காட்சியை நேற்றிரவு மறுபடி பார்த்தேன். முதல்முறை பார்த்தபோது, காப்பாற்ற யாராவது வருவார்கள் என்று தெரிந்திருந்ததால் அதைக் கடந்து போய்விட்டேன். இம்முறை நெஞ்சு கனத்தது. லூசியைப் பற்றிய என் வருத்தம் அப்படியேதான் இருக்கிறது. எழுதுகோல் அவர்கள் அதை என்னைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். ஜேனுடன் பணிபுரிபவர்களே வந்து அவர்களைக் காப்பாற்றுகிறார்கள், ஜே கடைசியில் பொய்யில்லாமல் தன் மனத்தை அவளிடம் சொல்கிறான், ஆனாலும் அவள் அவனை ஏற்கவில்லை. இத்தனை தொலைவு வந்து, உயிரையே இழக்கும் நிலைக்குப் போய், உண்மையையும் சொன்ன பிறகு அவனுக்கு ஒன்றுமே கிடைக்காதது கொடுமையாகத் தோன்றுகிறது. எழுத்தாளர்கள் ஏன் அப்படி முடித்தார்கள்?

தேம்ஸோரம்

அவள் ஏற்றிருந்தால் உண்மை என்பது ஜேயின் கையில் இன்னொரு தந்திரமாகிவிட்டிருக்கும் என்பது என் எண்ணம். பொய் சொல்லிப் பார்த்தான், பலிக்கவில்லை. உண்மையைச் சொன்னான், பலித்தது என்று கதை முடிந்திருந்தால் பெண்ணின் மனம் ஒரு பரிசுப்பொருளாகச் சுருங்கிப்போகும். ஜேனாக நடித்த லிடியா ரோஸ் பியூலி அந்த மறுப்பை வெறுப்பில்லாமல், மென்மையாகச் சொல்கிறார். தன் வாழ்க்கையைத் தானே அமைத்துக்கொண்ட ஒரு பெண் அங்கே நிற்கிறாள். லூசிக்கு இழைத்த தவற்றில் ஒரு பங்கையாவது எழுத்தாளர்கள் ஜேனிடம் ஈடுசெய்திருக்கிறார்கள்.

தொடரைப் பார்க்கப் போகிறீர்களானால் முதல் பருவத்தின் ஐந்தாம் அத்தியாயமான 'கேரவன் கிளப்' என்பதை மட்டுமாவது முதலில் பாருங்கள். ஜே தன் பெற்றோரோடு விடுமுறைக்குப் போகும் கேம்பர் சாண்ட்ஸ் கடற்கரையில் பெண்கள் காத்துக்கிடப்பதாகச் சொல்லி நண்பர்களை அழைத்துப் போகிறான். போய்ச் சேர்ந்த பிறகு அவன் அப்பா ஒவ்வொரு பொய்யாக உடைக்கிறார். லண்டனிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்ள ஊர் அது. அப்போது அவன் வயது பதினாறோ பதினேழோ. அந்த அத்தியாயத்தைப் பார்த்துவிட்டு, இரண்டாம் படத்தில் மின்னஞ்சல் வரும் தொடக்கக் காட்சியை மறுபடி பாருங்கள். அதே பையன், அதே அழைப்பு. இம்முறை அப்பா உடன் இல்லை என்பதால், பொய்யை உடைக்கும் வேலையையும் அவனே செய்ய வேண்டியிருக்கிறது.